எடுக்காத மூன்று படங்கள்

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். அரூரில் ஒரு சிறிய தனியார் நிலையத்தில் பதினெட்டு வருடமாக இதே வேலை. புளியமரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கில் சறுக்கியவர்கள், இருமல் நிற்காதவர்கள் என்று எத்தனையோ பேரை அந்த மேசையில் படுக்கவைத்துத் திருப்பியிருக்கிறேன். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள், என் கூடப்பிறந்த அக்காவின் இடுப்பெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்த மூன்று வருடமும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வழியில்லாமல் போகவில்லை. நான் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கம்பைநல்லூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. அக்காவும் அவருமாகப் பட்டுப்புழு வளர்த்தார்கள். புழு வளர்ப்பது ஆடு மாடு வளர்ப்பது போல இல்லை. புழு முட்டையிலிருந்து வெளியே வந்து கூடு கட்டும்வரை மூன்றரை வாரம், கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரிதான். கல்யாணம் கருமாதி எதற்கும் அக்கா அந்த நாட்களில் வெளியே வரமாட்டாள். புழுக் கொட்டகைக்குள் தூவும் மருந்துப்பொடியும் இலைத்தூசியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் மூச்சிரைப்பு வந்தது. யாரோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை அதைச் சட்டென்று அடக்கியது. சீட்டைக் காட்டிக் காட்டி அதே மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினாள். அது ஸ்டீராய்டு என்று எனக்குத் தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. அப்போதே வலது கால் நொண்ட ஆரம்பித்திருந்தது.

அவளை எங்கள் நிலையத்துக்கு வரச்சொல்லி முதல் படத்தை நான்தான் எடுத்தேன். தொடையெலும்பின் மேல்முனையில் பந்துபோல உருண்டையாக இருக்க வேண்டிய பகுதி, மிதிபட்ட தக்காளி போல ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. அந்த மாத்திரையால் இரத்தம் போகாமல் எலும்பு செத்துவிட்டது. அடுத்த வருடமே சேலத்தில் அறுவை செய்து, செத்ததை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள்.

அந்த டாக்டருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அக்காவையும் மாமாவையும் என்னையும் எதிரே உட்காரவைத்து, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இடுப்பெலும்பில் பதித்த உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் சுழலும் பந்து, பந்தைத் தாங்கித் தொடையெலும்புக்குள் இறங்கும் கம்பி.

"இந்தப் பிளாஸ்டிக் நடக்க நடக்கத் தேயும்மா. தேஞ்ச தூளு கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்னு சுத்தம் பண்ணலாம்னு ஒடம்புல இருக்கற அணுக்கள் எல்லாம் வரும். பிளாஸ்டிக் ஜீரணமாவுமா? ஆவாது. அந்தக் கோவத்துல அதுங்க பக்கத்துல இருக்கற எலும்பைக் கரைக்க ஆரம்பிச்சிடும்."

"அப்போ வலிக்குங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"வலிக்காது. அதுதான் பிரச்சனை. பாதி எலும்பு போற வரைக்கும் நீங்க நல்லா நடந்துக்கிட்டு இருப்பீங்க. வலின்னு நீங்க வரும்போது நான் ஆணி அடிக்க அங்க எலும்பு இருக்காது. அதனால வலி இருக்குதோ இல்லியோ, வருசத்துக்கு ஒரு தடவ படம் எடுத்துக்கிட்டு வரணும்."

இன்னும் சிலதும் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், வேலை இல்லாத எலும்பு மெலிந்துபோகும். ஆனால் பாரம் தூக்கக்கூடாது. தரையில் உட்காரக்கூடாது, சம்மணம் கூடாது. மூச்சிரைப்புக்கு அந்த வெள்ளை மாத்திரை இனி வேண்டாம், வாயால் உறிஞ்சும் இன்ஹேலர் போதும். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் என்னைக் காட்டி, "படத்துக்கு எனக்குக் கவல இல்லீங்க சார். எங்க பாப்பாதான் எக்ஸ்ரே எடுக்கறா" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, கையில் ஒரு குழந்தை. அக்காவுக்கு நான் கடைசிவரை பாப்பாதான்.

ஆறு வருடம் அந்த ஏற்பாடு தவறாமல் நடந்தது. தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு ஈடு பட்டுக்கூடு எடுத்து முடித்ததும் அக்கா அரூருக்கு வருவாள். படம் எடுப்பேன். மறுநாள் காலை நான் அரூரிலிருந்தும் அவள் கம்பைநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி மொரப்பூர் ஸ்டேஷனில் சேர்ந்துகொள்வோம். அங்கிருந்து சேலத்துக்கு ரயில். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து இருந்தது. அன்றைக்கு அவளுக்குப் புழுத் தொல்லை இல்லை, எனக்குப் பிள்ளைகள் தொல்லை இல்லை. எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அவள் கட்டிக்கொண்டு வருவாள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் யாரென்றுகூடத் தெரியாமல் உறையிலிருந்து பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள்.

"இது என் இடுப்பு. வெள்ளையாத் தெரியுது பாருங்க, அது இரும்பு. இவதான் எடுத்தா, என் தங்கச்சி."

"அக்கா, அது இரும்பு இல்ல, டைட்டானியம்" என்று நான் முணுமுணுப்பேன்.

"ஏதோ ஒண்ணு. துரு புடிக்காதாம்" என்பாள் அந்தப் பெண்ணிடம்.

டாக்டர் முந்தைய வருடத்துப் படத்தையும் புதுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நாலு வருடம் "நல்லாருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பினார். ஐந்தாம் வருடம் கிண்ணத்துக்கு மேலே பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்பு நிழல். அதை எடுக்கும்போதே நானும் பார்த்திருந்தேன். பந்தும் கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு இம்மி மேலே ஏறியிருந்தது. பிளாஸ்டிக் தேய ஆரம்பித்துவிட்டது என்றார். பழைய ஸ்டீராய்டினால் உடம்பு முழுக்க எலும்பு மெலிந்திருப்பதற்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில், ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் குனியாமல் இருக்க வேண்டும்.

"இது ஒடம்பு எலும்புக்கு. அந்தத் தூளை இது நிறுத்தாது. தூளை நிறுத்தணும்னா நேரம் பார்த்து அந்த பிளாஸ்டிக் உறையை மாத்தணும். அந்த நேரம் எப்பன்னு படம்தான் சொல்லும். வருசா வருசம் வாங்க. தவறக்கூடாது."

ஆறாம் வருடம் நிழல் கொஞ்சம் அகன்றிருந்தது. இன்னும் பொறுக்கலாம், அடுத்த வருடம் கட்டாயம் பார்ப்போம் என்றார்.

அந்த அடுத்த வருடம் வருவதற்கு முன், ஆவணியில், அரூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வைத்தோம்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். அதனால் தாய்வீட்டுச் சீர் அக்கா கையால்தான் வர வேண்டும். விடியற்காலையிலேயே மாமாவோடு வேன் வைத்துக்கொண்டு வந்தாள். தேங்காய், பழம், குத்துவிளக்கு, எனக்கு அரக்குப் பட்டு. அவள் வளர்த்த கூட்டில் நூற்ற பட்டாகவே இருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள். ஹோமம் நடக்கும் இடத்தில் சீர்தட்டோடு மணையில் உட்காரச் சொன்னார் ஐயர். அக்கா நின்றபடியே, "ஒரு சேர் போடுங்க" என்றாள். நாற்காலிகள் எல்லாம் பந்தி நடக்கும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டிருந்தன. யாரோ எடுத்துவரப் போனார்கள். வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மாமியார், "ஹோமத்து முன்னாடி சேர் போட்டு ஒக்காருவாங்களா யாராச்சும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. புகை கண்ணில் கரித்தது. இதையெல்லாம் எழுதுவதால் நான் சொன்னது மாறிவிடாது என்று தெரியும்.

"எத்தன வருசத்துக்குக்கா எல்லாரும் உன் இடுப்பையே பாத்துக்கிட்டு இருக்கறது? இன்னிக்கி ஒரு நாளு எல்லாரையும் மாதிரி ஒக்காரக் கூடாதா?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, மணையில் உட்கார்ந்து, சம்மணம் போட்டாள். முக்கால்மணி நேரம் அப்படியே இருந்தாள். தட்டை என் கையில் கொடுக்கும்போது அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எழுந்திருக்க முடியாமல் இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். செய்ய வேண்டிய முறையெல்லாம் செய்தாள். பந்தியில் மட்டும் உட்காரவில்லை. நான் பரிமாறும் இடத்திலிருந்து வந்து தேடியபோது வேன் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். மாமா எடுத்தார். "நல்லாத்தான் இருக்குது அவளுக்கு. கொட்டாய்ல வேலையா இருக்கறா" என்றார். அக்கா என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. மறுவாரமும் செய்தேன். அதே பதில். அதற்குப் பிறகு எனக்கும் ரோஷம் வந்தது. ஒரு வார்த்தைதானே சொன்னேன், அதற்கு இவ்வளவா என்று நினைத்தேன். தப்பு செய்தவளுக்கு வரும் ரோஷத்தைப் போல வீம்பானது வேறு இல்லை.

தை வந்தது. அக்கா வரவில்லை. பொங்கல் கழிந்து ஒவ்வொரு நாளும் வெளியே பெஞ்சில் இருப்பவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசியும் போனது. தர்மபுரியில் எடுத்திருப்பாள், எக்ஸ்ரே மெஷினா இல்லை உலகத்தில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுக்கவில்லை என்று உள்ளுக்குள் தெரியும். ஒரு போன் போட்டு, "அக்கா, கோவமெல்லாம் இருக்கட்டும், படத்துக்கு வா" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அடுத்த தையும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தேன். நன்றாக நடந்தாள். நொண்டல் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வலிக்காது, அதுதான் பிரச்சனை என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள் நான். அவர் சொன்னது என்னவென்று அந்தக் குடும்பத்தில் முழுதாகப் புரிந்தவளும் நான் ஒருத்திதான்.

பத்தாம் வருடம், தை இல்லை, ஐப்பசியில் ஒரு மழைநாள். டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். அவர் பிடியில் அக்கா. இடது கையில் ஊன்றுகோல். மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில் ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறாள். உள்ளே இருப்பது தன் தங்கை என்று சொல்லி முன்னால் வந்திருக்கலாம். சொல்லவில்லை.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஊரில் ஒரு டாக்டர் எழுதியது. வலது இடுப்பு, ஒரு மாதமாகத் தொடைச்சந்தில் வலி.

"மேல படுங்க" என்றேன். அக்கா சிரமப்பட்டு ஏறிப் படுத்தாள். நான் அவளுடைய புடவையை ஒதுக்கி, இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகத் திருப்பி, மணல்பையை வைத்தேன். வலது கால் திரும்ப மறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடது காலைவிட அது ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவளைத் தொடுகிறேன். என் கை அவளுக்குத் தெரியும், அவள் உடம்பு எனக்குத் தெரியும்.

"அசையாதீங்க. மூச்ச புடிச்சுக்கோங்க" என்று ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

மேசையிலிருந்து அக்கா, "எனக்கு எதுக்கு பாப்பா 'ங்க'?" என்றாள்.

பட்டனை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரையில் படம் விழுந்தது. பென்சில் கீறல்போல இருந்த நிழலைத்தான் தேடினேன். கிண்ணத்துக்கு மேலேயும் பின்னேயும் எலும்பு இருக்க வேண்டிய இடம் முழுவதும் கறுப்பாகக் கிடந்தது. கிண்ணம் சாய்ந்திருந்தது. பந்து பிளாஸ்டிக்கைத் தேய்த்து முடித்து உலோகத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது. இடுப்பெலும்பின் உள்சுவர் காகிதத்தின் விளிம்பு போல ஒரு கோடு. தொடையெலும்பிலும் கம்பியைச் சுற்றி மேல்பகுதி அரித்திருந்தது. எத்தனையோ கெட்ட படங்களை இந்தத் திரையில் பார்த்திருக்கிறேன். நுரையீரல் புற்று, முதுகெலும்புக் காசம். பார்த்துவிட்டு வெளியே வந்து முகத்தில் ஒன்றும் காட்டாமல் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரியா உழுந்துச்சா படம்?" என்று அக்கா கேட்டாள்.

"விழுந்துச்சுக்கா."

"எப்பிடி இருக்குது?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு."

எல்லோருக்கும் சொல்கிற பதில் அது. அக்கா தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்த ஆறு வருடமும் என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தன் படத்தைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்று பேரும் சேலம் போனோம். ரயிலில் ஏற அவளால் முடியாது என்பதால் கார் வைத்துக்கொண்டோம். அந்த டாக்டருக்கு இப்போது எழுபது, அறுவை செய்வதை விட்டுவிட்டு ஆலோசனை மட்டும் பார்க்கிறார். ஆறாம் வருடத்துப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நடுவுல மூணு வருசத்துப் படம் எங்கம்மா?" என்றார்.

அக்காதான் பதில் சொன்னாள். "நாந்தானுங்க சார் வரல. புழு வேல சரியா இருந்துச்சு. பாப்பா கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தா."

அவள் பொய் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா அந்தப் பிளாஸ்டிக்க மட்டும் கழட்டி வேற போட்டுட்டு, அரிச்ச எடத்துல கொஞ்சம் எலும்புத்தூள் நெரப்பி அனுப்பியிருக்கலாம். கிண்ணம் அப்ப கெட்டியா இருந்திருக்கும். நாலு நாள்ல வூட்டுக்குப் போயிருப்பீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அப்பிடி இல்ல."

வெளியே வந்ததும் நான் மட்டும் திரும்ப உள்ளே போய் அவரிடம் ஒன்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் முக்கால்மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அதனால் வந்ததா என்று. அவர் இல்லை என்றார். உட்கார்ந்தால் மூட்டு நழுவியிருக்கலாம், நழுவவில்லை, இது அதனால் இல்லை, இது தேய்மானம், பார்க்காமல் விட்டது என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அவருடைய மாணவர் ஒருவர் அறுவை செய்தார். ஏழு மணி நேரம். பழைய கிண்ணத்தை எடுத்தபோது அது கையோடு வந்துவிட்டது, பிடித்துக்கொள்ள எலும்பே இல்லை என்று பிறகு சொன்னார்கள். தானமாக வந்த எலும்பைச் செதுக்கி வைத்து, கூண்டு மாதிரி ஒரு உலோகச் சட்டத்தை ஆணிகளால் பிடித்து, அதில் புதுக் கிண்ணம். அக்கா மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றாள். மாமா கோயிலுக்குப் போய் வந்து திருநீறு பூசிவிட்டார். பதினைந்தாம் நாள் தையலின் ஓரத்தில் நீர் கசிந்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். காய்ச்சல் விடவில்லை. ஸ்டீராய்டு தின்ற உடம்பு, எதிர்ப்பு இல்லை என்றார்கள். இரண்டு மாதத்தில் மூன்று முறை அவளை அறுவை அறைக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை போகும் முன் அந்த இளைய டாக்டர் மாமாவையும் என்னையும் நிற்கவைத்துச் சொன்னார். உள்ளே வைத்த எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

"எடுத்துட்டு என்னா வெப்பீங்க?" என்று மாமா கேட்டார்.

"ஒண்ணும் வெக்க முடியாதுங்க."

"ஒண்ணும் வெக்காம காலு எப்பிடிங்க நிக்கும்?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். கொட்டகையில் ஒரு ஈட்டுப் புழு முழுக்கச் செத்துப்போனால்கூட அடுத்த ஈடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடக்கிற மனிதர்.

இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் இப்போது சதையும் தழும்பும்தான் இருக்கின்றன. வலது கால் மூன்று அங்குலம் குட்டை. தொற்று முழுதாக ஆறி, எலும்பு கொஞ்சமாவது தேறினால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆறு மாதமும் நான்தான் படம் எடுக்கிறேன், இப்போது அவளை அழைத்துவரத் தவறுவதில்லை. தேறவில்லை.

அவர்கள் மல்பெரியை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். மாமா ஒருவராகப் புழு பார்க்க முடியாது. அந்த நிலத்தில் மரவள்ளி போட்டிருக்கிறார். கொட்டகையில் இப்போது ஒரு டிராக்டர் நிற்கிறது, பக்கத்து நிலத்துக்காரருடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். போன மாசியில் ஒரு ஞாயிறு, மாமா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அக்காவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். முகம் எதிரே இல்லாததால் கேட்க முடிந்தது.

"அக்கா, அன்னிக்கி நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னிக்கி?"

"வூட்டு விசேசத்துல."

அவள் மடியில் உதிர்ந்த ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றினாள். பிறகு, "அதுக்கா நான் வரலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற?" என்றாள்.

"இல்லியா?"

"மொத வருசம் கோவந்தான். உன் மொகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். ரெண்டாவது வருசம் கோவமெல்லாம் போயிருச்சு. நீ கூப்புடுவேன்னு இருந்தேன். பொங்கல் முடிஞ்சு பத்து நாளு புதுசா புழு கூட வெக்கல, கூப்புட்டா கெளம்பலாம்னு. மாமா கூடச் சொன்னாரு, நீயே போயேன்டின்னு. அவ கூப்புடட்டும்னேன்." சீப்பு நின்றுவிட்டதை உணர்ந்து, "வாரு" என்றாள். "மூணாவது வருசம் நெனப்பே இல்ல. காலு நல்லா இருந்துச்சு. வலி இல்லாத காலுக்கு எதுக்குப் படம்னு தோணிப்போச்சு. மாத்தரையும் வவுறு எரியுதுன்னு எப்பவோ நிறுத்திட்டேன். உன்னோட தப்பு மட்டும் இல்ல பாப்பா."

'மட்டும்' என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். முழுக்க உன் தப்பு என்று திட்டியிருந்தால்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவள் உள்ளதைச் சொன்னாள். அரூரில் நானும் கம்பைநல்லூரில் அவளும் ஒரே மாதத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

இப்போது எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் மூட்டு மாற்றியவர்களைக் கண்டால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. நெஞ்சுப் படம் எடுக்க வந்தாலும், "முழங்கால் எப்ப மாத்துனீங்க? கடைசியா எப்ப படம் எடுத்தீங்க?" என்று கேட்கிறேன். மொரப்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு இடுப்பு மாற்றிப் பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. "நல்லாத்தான நடக்கறேன், எதுக்கும்மா வம்ப வெலைக்கு வாங்கணும்" என்றார். நான் அவரிடம் தூளைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பார்க்கலாம் என்று போனார். வரவில்லை. சிலர் வருகிறார்கள். ஒரு டீச்சரம்மாவுக்கு நிழல் தெரிந்து, நேரத்தோடு சேலம் போய் உறையை மாற்றிக்கொண்டு வந்தார். இனிப்புப் பெட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அவருக்காகச் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வந்தது பொறாமை.

போன ஞாயிறு போனபோது அக்காவைக் குளிக்கவைத்தேன். கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, உயரக்கட்டை வைத்துத் தைத்த செருப்பை வலது காலில் மாட்டிவிட்டேன். அவள் என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். எடை குறைந்துகொண்டே வருகிறாள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு பதிமூன்று அடி இருக்கும். பாதியில் நின்றாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல, மூச்சு வாங்குது. நில்லு."

வாசலில் மாமா மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வரப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையின் நடுவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். பிறகு அவள், "சரி, நட" என்றாள்.